ஒரு வண்டிக்கு ஒரு சொல்

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள், சார். மேலே ஏசி சொட்டுகிறது. காலையிலிருந்து பார்க்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதில்தான் உட்காருகிறார்கள், பிறகு எழுந்து தோளைத் துடைத்துக்கொள்கிறார்கள். இங்கே வாருங்கள். என் பையை எடுத்துவிடுகிறேன்.

உங்கள் வண்டி வாட்டர் வாஷுக்குப் போயிருக்கிறதா? இருபது நிமிஷம் என்று சொல்லியிருப்பார்கள். அரை மணி ஆகும்.

என்னுடையது அதோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மூன்றாவது லிஃப்டில் தூக்கி வைத்திருக்கிறார்களே, சாம்பல் நிறம், அதுதான். டெல்வா. ஆமாம், இப்போது வருவதில்லை. நிறுத்திவிட்டார்கள். நிறுத்தலாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

பெருமைக்குச் சொல்லவில்லை. வருத்தத்திலும் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். என் பெயர் ஞானசிகாமணி. இந்த வண்டிகளைச் செய்கிற கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் இருந்தேன். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது.

மணி என்ன சார்? இரண்டு நாற்பதா. அப்படியானால் ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

ஒன்றுமில்லை. என் சின்ன மகள் தெபோராவுக்கு இன்று பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு. இங்கிருந்து மூன்று கிலோமீட்டர் இருக்கும் அந்தக் காலேஜ். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்துகொண்டே ஏழு வருஷம் படித்தாள். இந்தத் தேர்வைப் பொதுவில்தான் நடத்துவார்களாம். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். அவள் முக்கால் மணி நேரம் பேசுவாள். அப்புறம் கேள்வி கேட்பார்கள். வருகிறவர்களுக்கு டீயும் சமோசாவும் நம் வீட்டுப் பொறுப்பு. என் மனைவி ரூபி காலையிலேயே சமோசா டப்பாக்களோடு போய்விட்டாள்.

தெபோரா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது கேட்டாள். "அப்பா, கடைசியில வந்திருக்கவங்களும் கேள்வி கேக்கலாம். நீங்க எந்திரிச்சு ஒண்ணு கேளுங்க. என்ன வேணாலும் கேளுங்க. நான் பதில் சொல்றேன்." அவ்வளவுதான். பணம் காசு என்று ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கேள்வி.

கேள்வி இருக்கிறது. எழுதி வைத்திருக்கிறேன். சட்டைப்பையில்தான் இருக்கிறது.

ஆட்டோவில் போகலாமே என்கிறீர்கள். அங்கே மேஜையில் உட்கார்ந்திருக்கிறதே சுகுணா என்கிற பெண், அதுவும் இரண்டு தடவை சொல்லிவிட்டது. "அங்கிள், பத்து நிமிஷம்தான், போயிட்டு வந்துருங்க, வண்டி எங்கயும் ஓடிடாது." தெரியும். ஆனால் வண்டியை இப்படி அந்தரத்தில் தூக்கி வைத்திருக்கும்போது எப்படி விட்டுவிட்டுப் போவது? பார்ப்போம். கேள்வி நேரம் வருவதற்கு மூன்றே கால் ஆகும்.

உங்களுடையது எந்த வண்டி? அல்மாவா. நல்லது. ஏன் அல்மா வாங்கினீர்கள் என்று கேட்கலாமா? தவறாக நினைக்காதீர்கள், பழைய பழக்கம்.

நாலைந்து வண்டிகளைப் பார்த்து, யோசித்து வாங்கினீர்கள். பார்த்தீர்களா. 'யோசித்து வாங்கினேன்' என்று நீங்கள் சொல்ல வேண்டும் என்று பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தாளில் எழுதி வைத்தோம். அந்தத் தாள்தான் என் வேலை.

சொல்கிறேன். எங்கள் கம்பெனிக்கு நான்கு பிராண்ட். ரோவன், அல்மா, டெல்வா, ஜிப்பி. வெளியே இருந்து பார்த்தால் நான்கு தனித்தனிக் கம்பெனி மாதிரி இருக்கும். உள்ளே ஒன்றுதான். ஒரே வீட்டில் நாலு பிள்ளைகள் இருந்தால் என்ன ஆகும்? ஒன்றின் தட்டிலிருந்து இன்னொன்று எடுத்துத் தின்னும். அது நடக்கக் கூடாது. அதற்காக ஜனவரி முதல் வாரத்தில் ஒரு கூட்டம் போடுவோம். ஒரே ஒரு தாள். அதில் நான்கு வரி. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சொல். ரோவனுக்கு 'பெருமை'. அல்மாவுக்கு 'அறிவு'. டெல்வாவுக்கு 'உழைப்பு'. ஜிப்பிக்கு 'உற்சாகம்'. ஒருவருக்குக் கொடுத்த சொல்லை மற்றவர் தொடக் கூடாது. விளம்பரத்தில் கூடாது, நோட்டீஸில் கூடாது, ஷோரூமில் விற்கிறவன் வாயில்கூட வரக் கூடாது. வருகிறதா என்று பார்க்கிறவன் நான். எல்லாரும் என்னை வாட்ச்மேன் என்பார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். நான் ஒன்றும் நினைத்துக்கொள்வதில்லை.

ஒரு தீபாவளிக்கு மதுரையில் டெல்வா டீலர் ஊர் முழுக்க போர்டு வைத்துவிட்டார். பூமிநாதன் என்று பெயர். முப்பத்தேழு போர்டு. 'டெல்வா, அறிவான முடிவு'. நான் ராத்திரி ரயில் ஏறிப் போனேன். காலையில் அவர் கடைக்கு முன்னால் போய் நின்றேன். மனிதர் சிரிக்கிறார். "என்ன சார், நான் அறிவுன்னு எழுதினா அல்மாக்காரனுக்கு அறிவு குறைஞ்சா போயிடும்?" என்கிறார். நான் வாதாடவில்லை. ஆள் வைத்து முப்பத்தேழு போர்டிலும் அந்த ஒரு சொல்லின் மேல் மட்டும் வெள்ளைத் தாள் ஒட்டினேன். அது ஐப்பசி மாதம். மழையில் தாள் ஊறி, அறிவு திரும்பத் திரும்ப வெளியே வந்தது. நான்கு நாள் அங்கேயே தங்கித் திரும்பத் திரும்ப ஒட்டினேன். அந்த நான்கு நாளில்தான் ரூபிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். தெபோரா பக்கத்தில் இருந்தாள். பதினைந்து வயது. நான் திரும்பி வந்தபோது வீடு வைத்தது வைத்தபடி இருந்தது, சார். ஒரு பாத்திரம் இடம் மாறவில்லை.

அவள் அப்படி. பொறுப்பு. அது அவள் சொல்.

ஆமாம், வீட்டிலும் கொடுத்திருந்தேன். ஏன் சிரிக்கிறீர்கள்? எனக்கு இரண்டு பெண்கள். பெரியவள் ஹெப்சிபா, மூன்று வருஷம் மூத்தவள். சின்ன வயதில் இரண்டும் எதற்கெடுத்தாலும் அடித்துக்கொள்ளும். நீ பெரியவளா நான் பெரியவளா என்று. ஒருநாள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். ஹெப்சி கெட்டிக்காரி. தெபோ பொறுப்பு. அவரவர் சொல் அவரவருக்கு. அவ்வளவுதான், சண்டை நின்றது. அன்றோடு நின்றது. சொந்தக்காரர்கள் வந்தாலும் அப்படித்தான் அறிமுகம் செய்வேன். 'இவ எங்க கெட்டிக்காரி, இவ எங்க பொறுப்பு.' அவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பெரியவளுக்குப் புத்தகம் வாங்கி வருவார்கள். சின்னவளுக்கு டிபன் பாக்ஸ். நான் சொல்லியா வாங்கி வந்தார்கள்? சொல் சரியாகப் பொருந்திவிட்டால் அப்படித்தான், அதுவே வேலை செய்யும்.

ஒரே ஒரு தடவை கொஞ்சம் இடறியது. தெபோரா ஒன்பதாவது படிக்கும்போது கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கிவிட்டாள். அப்போது ஹெப்சி பிளஸ் டூ. அவளுக்குக் கணக்கில் அறுபத்து மூன்று. இரண்டு ரேங்க் கார்டும் ஒரே நாளில் வந்தது. நான் சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன், "இதை அக்காகிட்ட சொல்லிக்கிட்டு இருக்காதம்மா. அக்கா மனசு கஷ்டப்படும். நீ பொறுப்பான பொண்ணு." கையெழுத்துப் போட்டு ரேங்க் கார்டை பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஸ்கூலில் திருப்பிக் கேட்டபோது எடுத்துக் கொடுத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, சார். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து வந்து மடித்து வைத்தாள். அக்காவுடைய யூனிஃபார்மைத் தனியாக மடித்து வைத்தாள். அப்போதுதான் நினைத்தேன், எவ்வளவு சரியான சொல்லைக் கொடுத்திருக்கிறோம் என்று.

டீ குடிக்கிறீர்களா? மெஷின் டீதான். நான் இதோடு நாலு குடித்துவிட்டேன். இந்த இடது கால் மட்டும் உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப் போகிறது. பரவாயில்லை.

எங்கே விட்டேன்? அல்மா. சார், நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளாவிட்டால் ஒன்று சொல்கிறேன். இதை முப்பத்தொரு வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. ரூபியிடம்கூடச் சொன்னதில்லை. உங்கள் வண்டியும் என் வண்டியும் ஒன்றுதான்.

ஆமாம். ஒன்றேதான். அடித்தளம் ஒன்று, இன்ஜின் ஒன்று, கியர் ஒன்று. முன்பக்கம் மட்டும் வேறு மாதிரி. சீட் துணி வேறு. கதவைச் சாத்தினால் வருகிற சத்தத்துக்கு உங்களுடையதில் ஒரு ரப்பர் அதிகம். அவ்வளவுதான். ஒரே லைனில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடைசியில் ஒருவர் பெயரை ஒட்டுவார். அந்த இடத்துக்கு வருகிற வரைக்கும் எது அல்மா எது டெல்வா என்று வண்டிக்கே தெரியாது.

முகம் மாறிவிட்டதே. நான் சொல்லியிருக்கக் கூடாது. நீங்கள் யோசித்துத்தான் வாங்கினீர்கள், அதில் ஒன்றும் பொய் இல்லை.

இது வெளியே தெரியக் கூடாது என்பதற்காக என்னென்ன செய்தோம் என்று நினைக்கிறீர்கள். அல்மா ஆட்கள் மூன்றாவது மாடி, டெல்வா ஆட்கள் நாலாவது மாடி. கேன்டீனில் அல்மாவுக்குப் பன்னிரண்டரை மணிக்குச் சாப்பாடு, டெல்வாவுக்கு ஒன்றே கால். சாம்பார் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் மேல் பாக நம்பர். ஒரே அச்சில் வார்க்கிற ஒரே பம்ப்தான், ஒரே ஆள்தான் செய்து அனுப்புகிறார். ஆனால் பாதியில் ஏஎல் என்று தொடங்கும் நம்பர் அடித்து அல்மா பெட்டியில் போடுவோம், பாதியில் டிஎல் என்று அடித்து டெல்வா பெட்டியில் போடுவோம். ஒன்றின் நம்பரை இன்னொன்றுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்காது. அந்த விதியை எழுதியவனும் நான்தான். நல்ல விதி. எழுதி முடித்த அன்று எனக்கு ஒரு பேனா கொடுத்தார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மேலே இருப்பவர்கள் கேட்டார்கள், நான்கில் ஒன்றைக் குறைக்க வேண்டும், எதைக் குறைக்கலாம் என்று. நான் பதினொரு பக்கம் எழுதினேன். ரோவனை எடுத்தால் வாங்குகிறவர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். அல்மாவை எடுத்தாலும் போவார்கள். டெல்வாவை எடுத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். டெல்வாக்காரர்கள் எதைக் கொடுத்தாலும் ஓட்டுவார்கள். அப்படித்தான் எழுதினேன், அது உண்மையும்கூட. மறு வருஷம் நிறுத்தினார்கள். அறிவிப்பு வந்த அன்று மத்தியானம் கேன்டீனில் தயிர் சாதம் சாப்பிட்டேன். கூட இருந்தவர்கள் எல்லாம் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஊறுகாய் எடுத்து வரச் சொன்னேன்.

நிறுத்தும்போது ஒரு படிவம் உண்டு. அந்த வண்டியின் சொல்லை விடுவிக்கிற படிவம். இனி 'உழைப்பு' யாருக்கும் சொந்தமில்லை, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டேன். இந்த ஜனவரி வரைக்கும் யாரும் எடுக்கவில்லையாம். விசாரித்தேன். அப்படியே கிடக்கிறது.

எனக்கு விடை கொடுக்கும்போது கடைசி வரிசையில் வந்த டெல்வா ஒன்றைக் கொடுத்தார்கள். அதுதான் அது. மூன்று வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. இன்று பார்த்து, குரோம்பேட்டை தாண்டியதும் இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் சிவப்புக்குப் போய்விட்டது. தண்ணீர் பம்ப். தள்ளிக்கொண்டு வந்து இங்கே சேர்க்கும்போது மணி பத்து. டெல்வாவை இப்போது அல்மா சர்வீஸில்தான் பார்க்கிறார்கள். சுகுணா கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "டெல்வா பம்ப் ஸ்டாக் இல்ல அங்கிள், புனே கிடங்குலேருந்து வரணும், நாலு நாள் ஆகும்" என்றது. சரி என்று உட்கார்ந்தேன்.

இல்லை, இருங்கள், வேடிக்கை இனிமேல்தான். இங்கே பரமானந்தம் என்று ஒரு ஃபோர்மேன். ஐம்பது வயது இருக்கும். அவருக்கு சுகுணா என்ன சொல்லியதோ, மகளுக்குத் தேர்வு, சீக்கிரம் அனுப்பிவிடு என்று சொல்லியிருக்கும். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு வந்து, "சார், வண்டி ரெடி, எடுத்துக்கங்க" என்கிறார்.

எப்படி ரெடி? நான் பானட்டைத் திறக்கச் சொன்னேன். டார்ச் வாங்கி அடித்துப் பார்த்தேன். பம்பின் பக்கவாட்டில் நம்பர் இருக்கும். ஏஎல்.

அவர் சிரிக்கிறார். "அதே பம்ப்தான் சார். நாங்க வருஷக்கணக்கா மாத்தி மாத்தித்தான் போடுறோம். டெல்வா தீந்தா அல்மா, அல்மா தீந்தா டெல்வா. எல்லா ஊர்லயும் அப்படித்தான். கம்பெனிக்கு மட்டும்தான் தெரியாது."

நான் யார் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

கம்பெனிக்கு மட்டும்தான் தெரியாதாம். மூன்றாவது மாடி, நாலாவது மாடி, பன்னிரண்டரை, ஒன்றே கால். எல்லாரும் தெரிந்துகொண்டேதான் வந்து போயிருக்கிறார்கள். கோபம் வர வேண்டும் இல்லையா? வரவில்லை. டார்ச்சை அணைத்து அவர் கையில் கொடுத்தேன். "இதைக் கழட்டிருங்க. டிஎல் நம்பர் வந்ததும் போட்டுக்கலாம்" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. "சார், ஓட்டிப் பாத்துட்டேன், வெண்ணெய் மாதிரி ஓடுது. நீங்க ரெண்டரைக்குப் போகணுமாமே" என்றார். தெரியும் என்றேன். ஆனால் அது அல்மாவுடையது. டெல்வாவுக்கு டெல்வாவுடையதுதான் வர வேண்டும். அவர் என்னையே பார்த்தார். பிறகு, "உங்க வண்டி, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கழற்றிவிட்டார்கள். அதனால்தான் அந்தரத்தில் நிற்கிறது.

நீங்களும் அப்படியே பார்க்கிறீர்கள். நானே எழுதிய விதியை நானே மீறினால் அப்புறம் அந்த முப்பத்தேழு போர்டுக்கு என்ன அர்த்தம்?

மணி மூன்றாகப் போகிறதா? உங்கள் வண்டி வந்ததும் என்னைக் கொண்டுபோய் விடுகிறீர்களா? வழியில்தானா? நல்ல மனசு, சார். சரி, வருகிறேன். கேள்வி நேரத்துக்குப் போய்விடலாம். ரூபி முன்வரிசையில் எனக்கு இடம் போட்டு வைத்திருப்பாள், கைப்பையை வைத்து.

அவள் என்ன ஆராய்ச்சி செய்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டுமே. கணக்குதான். முடிச்சுகளைப் பற்றி. ஆமாம், கயிற்றில் போடுகிற முடிச்சு. அதற்கும் கணக்கு இருக்கிறதாம். போன மாதம் சாப்பாட்டு மேஜையில் ரூபியின் பாவாடை நாடா இரண்டை எடுத்து வைத்துக் காட்டினாள். இரண்டிலும் முடிச்சுப் போட்டு, முனைகளைச் சேர்த்துத் தைத்து வைத்திருந்தாள். அவிழ்க்க முடியாது. ஒன்று ஒரு மாதிரி, இன்னொன்று வேறு மாதிரி. நான் எவ்வளவு நேரம் பார்த்தாலும் வேறு வேறுதான். "ரெண்டும் ஒண்ணுதாம்பா" என்றாள். ஒரு நாடாவை இப்படி இழுத்தாள், அப்படி மடித்தாள், அறுக்கவும் இல்லை, அவிழ்க்கவும் இல்லை, அது அந்த இன்னொன்றாக ஆகிவிட்டது. "பாக்கத்தான் வேற வேற. தொடாமலே, அவிழ்க்காமலே, ரெண்டும் ஒண்ணான்னு சொல்ல ஒரு வழி. அதுதான் என் ஆராய்ச்சி."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதை வெளியே சொல்லாதே" என்றேன். வாயில் வந்துவிட்டது. அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டு, நாடாக்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

ஹெப்சி கனடாவில் இருக்கிறாள். எஞ்சினீயரிங் படித்தாள், கல்யாணம் ஆயிற்று, வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. அவள் வேலையை விட்டபோது ரூபி ஒன்று சொன்னாள். "அவளுக்குக் குடுத்த சொல்லை இனி இவளுக்குக் குடுங்களேன்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். வண்டியை நிறுத்தினால்தான் சொல்லை விடுவிக்க முடியும், ஹெப்சி என்ன நின்றா போய்விட்டாள் என்று கேட்டேன். ரூபி எழுந்து போய் அடுப்படி விளக்கை அணைத்தாள். அன்று ராத்திரி மட்டுமல்ல, ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. காரணம் இன்றுவரை தெரியாது.

இன்று காலையில் ஹெப்சி போன் செய்தாள். "கண்டிப்பாப் போங்கப்பா" என்றாள். "என் பிளஸ் டூ கணக்கு மொத்தமும் அவதான் சொல்லிக் குடுத்தா. ஒன்பதாவது படிக்கிறப்போ. உங்களுக்குத் தெரியாம மொட்டை மாடியில உக்காந்து சொல்லிக் குடுப்பா. இல்லேன்னா நான் எங்க பாஸ் பண்ணியிருப்பேன்." பெரியவள் எப்போதும் இப்படித்தான், சார். தங்கச்சியை விட்டுக் கொடுக்க மாட்டாள். தன் பெருமையைக் குறைத்துச் சொல்வாள். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அந்தக் குணம் உண்டு.

கேள்வியா? இதோ. நாலு நாள் யோசித்தேன். முதலில் 'இதனால் யாருக்கு என்ன பயன்' என்று எழுதினேன். ரூபி வாங்கிப் படித்துக் கிழித்துப் போட்டாள். இது நேற்று எழுதியது. கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். 'பார்க்க வேறு வேறாக இருக்கும் இரண்டு, உண்மையில் ஒன்றுதான் என்று தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு அவற்றுக்குத் தனித்தனிப் பெயர் எதற்கு?'

நல்ல கேள்வியா? நிஜமாகவா சொல்கிறீர்கள்? எனக்குத் தெரியவில்லை. தொழில் முறையில் தோன்றியது, எழுதினேன். அவள் என்ன பதில் சொல்வாள் என்று எனக்கும் ஊகிக்க முடியவில்லை.

உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். வெள்ளை அல்மா, வந்துவிட்டது. மூன்று பத்துதானே? போகலாம், போகலாம். உட்காருங்கள், ஒரு நிமிஷம், அந்தப் பம்பைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். அதோ பரமானந்தம் மேஜையில் ஒரு பெட்டி தெரிகிறதா? அதற்குள்தான் கழற்றிய பம்ப் இருக்கிறது. மத்தியானம் யாரும் இல்லாதபோது எடுத்துப் பார்த்தேன். அதன் எடையை வைத்தாவது கண்டுபிடிக்க முடியுமா என்று கண்ணை மூடிக்கொண்டு கையில் வைத்திருந்தேன். என் கையால் இத்தனை வருஷம் பிரித்து வைத்த பொருள். ஒன்றும் தெரியவில்லை. கனமாக இருந்தது, அவ்வளவுதான். பெட்டியில் அந்தப் பக்க மடிப்பு கிழிந்திருந்தது. ஏஎல் பெட்டிகள் எப்போதும் அந்த மடிப்பில்தான் கிழியும். அதை மாற்றச் சொல்லி இரண்டு தடவை கடிதம் எழுதினேன். முதல் கடிதம் எழுதிய வருஷம் மேலே இருந்தவர் மாறிவிட்டார். இரண்டாவது கடிதத்துக்குப் பதில் வந்தது, ஆனால் அவர்கள் டிஎல் பெட்டியை மாற்றிவிட்டார்கள். அதை நேர் செய்ய ஒரு வருஷம். நான் நேரில் போய்ப் பெட்டி செய்கிறவரைப் பார்த்து...

தெரியும் சார், நேரம் தெரியும். மூன்று நாற்பதா? நீங்கள் எழுந்து நிற்கிறீர்கள். நானும் எழுந்திருக்கிறேன். இந்தக் கால் ஒரு நிமிஷம் நிற்க விடாது.

இருங்கள், போன். தெபோராதான்.

ம், சொல்லும்மா. முடிஞ்சிருச்சா? ம். ம். சரி. ரொம்ப சந்தோஷம். இல்லம்மா, வண்டி இன்னும் ரெடியாகல. பம்ப் வரணும். ஆங்? இல்ல, கேள்வியெல்லாம் பெருசா ஒண்ணுமில்ல, சும்மா எழுதினேன். ம். இல்ல, போன்ல எதுக்கு. நீ அம்மாவைப் பொறுப்பாக் கூட்டிட்டு வீட்டுக்குப் போயிரு. சமோசா டப்பா ரெண்டையும் கழுவித் திருப்பிக் குடுக்கணும், மறந்துறாதே. ம். வைக்கிறேன்.

கொடுத்துவிட்டார்களாம் பட்டத்தை. வந்திருந்த வெளியூர்ப் பேராசிரியர் எழுந்து நின்று கைதட்டினாராம். கடைசியில் கேள்வி உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வேறு யாராவது என்று கேட்டபோது, 'ஒரு நிமிஷம் இருங்க சார், எங்கப்பா வந்துருவாங்க, அவங்க ஒண்ணு கேக்கணும்' என்று இவளே சொன்னாளாம். அப்படியே எல்லாரும் உட்கார்ந்திருந்தார்களாம். அந்த வெளியூர்க்காரர், ஹாலில் இருந்தவர்கள், ரூபி, எல்லாரும் கதவைப் பார்த்துக்கொண்டு. ஐந்து நிமிஷம். அப்புறம் டீ கொடுத்துவிட்டார்களாம்.

இதைச் சொல்லும்போதுகூட அவள் குரலில் ஒன்றும் இல்லை, சார். அழவில்லை. டப்பாவைக் கழுவிவிடுகிறேன் என்றாள். பார்த்தீர்களா, கொடுத்து இருபத்தேழு வருஷம் ஆகிறது, சொல் மாறவே இல்லை.

கேள்வியை அப்புறம் ஒரு நாள் கேளுங்கள் என்றாள். அதற்கென்ன, கேட்கலாம். தாள் பையில்தான் இருக்கிறது.

நீங்கள் கிளம்புங்கள், சார். இனிமேல் அங்கே போய் என்ன செய்வது? வண்டி பளபளவென்று வந்திருக்கிறது. கதவை மெல்லச் சாத்துங்கள், அந்த ரப்பர் தேயும். நான் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அது நல்ல வண்டி.

நான் இருக்கிறேன். நாலு நாள் என்கிறார்கள், வரட்டும். டெல்வா வாங்கினவர்களுக்குப் பத்து வருஷம் பாகங்கள் கிடைக்கும் என்று கம்பெனி சார்பில் எழுதிக் கொடுத்தவன் நான்தான். மூன்றுதான் ஆகியிருக்கிறது. இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது.